வியர்க்காத சீஸ் தட்டு

அப்பாவின் எழுபதாம் பிறந்தநாளன்று இரவு எட்டு மணியளவில் மூன்றாவது தட்டைக் கூடத்துக்கு எடுத்துச் செல்லும் வழியில், அதன் ஓரத்தில் அடுக்கியிருந்த பிஸ்கட் ஒன்றை எடுத்து ஒடித்துப் பார்த்தேன். ‘மொடுக்’கென்று உடைந்தது. கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத திருவான்மியூர் வீட்டில், சீஸும் பழமும் பிஸ்கட்டும் ஒரே தட்டில் இருந்தும் அப்படி உடையச் செய்வதற்கு எனக்குப் பத்து நாட்களும், வீணாய்ப்போன இரண்டு ஒத்திகைகளும் தேவைப்பட்டன. அவற்றையும் சேர்த்தே இங்கே எழுதி வைக்கிறேன்.

காலையில் வீட்டிலேயே ஹோமம், மதியம் இலைச் சாப்பாடு என்று முடிவாகியிருந்தது. மாலையில் வரும் இருபத்துநான்கு பேருக்கு மறுபடியும் பஜ்ஜியும் கேசரியும் வேண்டாம் என்றும், ஒரு சீஸ்–பழத் தட்டு வைத்துவிட்டு, ஒன்பது மணிக்கு எளிய இரவு உணவு பரிமாறலாம் என்றும் நான்தான் சொன்னேன். சமைக்க வேண்டியது எதுவுமில்லை, வெட்டி அடுக்கினால் போதும் என்று நம்பியதுதான் முதல் தவறு.

முதல் ஒத்திகை ஜனவரி நடுவில் நடந்தது. சீர்வரிசைக்கு எடுக்கும் பெரிய பித்தளைத் தாம்பாளத்தைத் துலக்கி வைத்திருந்தேன். ஆரஞ்சுச் சுளைகளோடு அதனருகே போனதும் அம்மா தடுத்துவிட்டார். “பித்தளைல போய் யாராவது புளிப்பு வைப்பாங்களா? களிம்பு ஏறும்டா” என்று அவர் சொன்னது சரிதான்; ஈயம் பூசாத தாம்பாளம் அது. அதற்கு மாற்றாக வாழையிலையை வட்டமாக நறுக்கி விரித்தேன். பார்க்க நன்றாகவே இருந்தது. நான்கு மணிக்கே எல்லாவற்றையும் வெட்டி அடுக்கி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் உறையைச் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தேன். ஏழு மணிக்கு வெளியே எடுத்தபோது ஆப்பிள் பழுப்பாகியிருந்தது. பிஸ்கட் வளைந்ததே தவிர ஒடியவில்லை. நீலப் பூஞ்சை படர்ந்த, நூறு கிராம் நீலச் சீஸின் நெடி, திராட்சை உட்பட எல்லாவற்றிலும் ஏறியிருந்தது. அதன் பிறகுதான் உண்மையான தொல்லை தொடங்கியது. உறையைப் பிரித்த ஐந்தாவது நிமிடத்தில் சீஸ் துண்டுகளின் மீது முத்து முத்தாக நீர் கோத்தது. வாழையிலை ஒரு துளியையும் உறிஞ்சாது என்பது நாம் அன்றாடம் காண்பது; சீஸிலிருந்து வழிந்த நீரெல்லாம் இலையின் நடு நரம்போரமாகச் சேர்ந்து பிஸ்கட்டுகளை நோக்கி ஓடியது.

சீஸ் சூடாகிவிட்டதால் வியர்க்கிறது என்று தவறாகக் கணக்குப் போட்டேன். ஆகவே இன்னும் குளிர்ச்சியாக வைத்தால் சரியாகிவிடும் என்று எண்ணி, வேளச்சேரிப் பக்கம் ஒரு கல் கடையில் பதினெட்டுக்குப் பன்னிரண்டு அங்குல அளவில், இருபது மில்லிமீட்டர் கனமுள்ள கடப்பா கல் துண்டு ஒன்றை வாங்கி, ஓரம் தேய்த்துத் தரச் சொன்னேன். கல்லுக்கும் தேய்ப்புக்குமாக 250 ரூபாய். வீட்டுத் தராசில் ஏழரைக் கிலோ இருந்தது. கறுப்புக் கல்லின் மீது மஞ்சள் சீஸும் சிவப்பு மாதுளையும் எடுப்பாகத் தெரியும் என்ற ஆசையும் அதில் இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. இரண்டாம் ஒத்திகைக்காக அதை ஆறு மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தேன். கண்ணாடித் தட்டு முனகியது, ஆனால் உடையவில்லை.

வெளியே எடுத்த கல், பத்தே நிமிடத்தில் மழையில் நனைந்த வாசல்படி போலாயிற்று. கைக்குட்டையால் துடைக்கத் துடைக்க மீண்டும் நனைந்தது. அன்றுதான் அலமாரியில் கிடந்த, 600 ரூபாய்க்கு எப்போதோ வாங்கிய வெப்ப–ஈரப்பத மானியை எடுத்துக் கூடத்தில் வைத்துப் பார்த்தேன்: 28 டிகிரி, 72 சதவீத ஈரப்பதம். அந்த நிலையில் ஏறத்தாழ இருபத்திரண்டரை டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பொருளின் மீதும் காற்றிலுள்ள நீராவி படிந்து நீராகும். ஐந்து டிகிரிச் சீஸை ஆறு டிகிரிக் கல்லின் மீது வைத்து, அது வியர்க்கக் கூடாது என்று எதிர்பார்த்திருக்கிறேன். வியர்த்தது சீஸ் அல்ல, காற்றுதான் என்பது விளங்கியவுடன் மீதி வேலை எளிதாகியது.

கல்லில் இன்னொரு பாடமும் கிடைத்தது. ஆப்பிள் கறுக்காமலிருக்க எலுமிச்சைச் சாற்றில் புரட்டி, சொட்டச் சொட்ட அதன் மீது அடுக்கியிருந்தேன். கழுவிக் காயவைத்த பிறகு, ஆப்பிள் இருந்த இடங்களில் எல்லாம் மெருகு போய் வெளுத்த பிறைவடிவத் தழும்புகள் தெரிந்தன. கடப்பா கல் சுண்ணாம்புக்கல் வகை. புளிப்பு பட்டால் அரிக்கும். நம் வீட்டுச் சமையல் மேடைகளில் பழைய கடப்பா கற்கள் திட்டுத் திட்டாக மங்கியிருப்பதற்குப் புளியும் எலுமிச்சையும்தான் காரணம் என்பது இத்தனை ஆண்டுகள் கண்ணெதிரே இருந்தும் எனக்குத் தோன்றவில்லை. கிரானைட்டாக இருந்திருந்தால் இந்தத் தழும்பு விழுந்திருக்காது.

அதே நாளில் மூன்றாவதாக ஒன்றும் கெட்டது. க்ரீம் சீஸில் பொடியாக நறுக்கிய அன்னாசியைக் கலந்து ஒரு கிண்ணத்தில் வைத்திருந்தேன். கலந்தவுடன் அருமையாக இருந்த அது, ஒன்றரை மணி நேரம் கழித்து நீர்த்து, நாக்கின் பின்பக்கம் கசந்தது. அன்னாசியில் உள்ள நொதி பாலின் புரதத்தை அறுத்துவிடும்; பப்பாளியும் கிவியும் அதே வேலையைச் செய்யும். கொதிக்கவைத்த அன்னாசியோ டப்பாவில் அடைத்து வருவதோ அப்படிச் செய்யாது, ஏனெனில் சூட்டில் அந்த நொதி செயலிழந்துவிடுகிறது. அந்த மூன்று பழங்களையும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

பிறந்தநாளுக்கான சீஸை நான்கு நாட்களுக்கு முன் வாங்கினேன். பின்னால் உணவு இருக்கும்போது தலைக்கு ஐம்பது முதல் அறுபது கிராம் போதும் என்ற கணக்கில் மொத்தம் 1,350 கிராம் எடுத்தேன். கொடைக்கானலில் தயாரான முதிர்ந்த செடார் நானூறு கிராம் 760 ரூபாய், கௌடா நானூறு கிராம் 640, ஆரோவில் பக்கத்து ஃபெட்டா இருநூறு கிராம் 300, பிரீ எனும் மென்சீஸ் 125 கிராம் வீதம் இரண்டு 760, நீலச் சீஸ் நூறு கிராம் 340. ஆக 2,800 ரூபாய். பிரீயை மட்டும் காலாவதித் தேதிக்கு ஒரு வாரமே எஞ்சியிருந்த பெட்டியாகப் பார்த்து எடுத்தேன். புதிய பெட்டியில் அது நடுவில் சுண்ணாம்புக் கட்டி போலிருக்கும். கடைசி வாரத்தில்தான் விரலால் அழுத்தினால் இளகும்.

வாங்கும்போது இரண்டு செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டியிருந்தது. முதலாவது, வருபவர்களில் பாதிப் பேர் சைவர். சீஸுக்குப் பாலை உறையவைக்கும் ரென்னெட் சில வகைகளில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கப்படுவது. இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோவை விதிப்படி அப்படித்தான் செய்ய வேண்டும். எனவே அதைத் தொடவில்லை. மற்ற ஒவ்வொரு பொட்டலத்திலும் பச்சைப் புள்ளியைப் பார்த்த பிறகே கூடையில் போட்டேன். இரண்டாவது, அண்ணிக்கு ஆறாவது மாதம். பிரீ போன்ற வெண்பூஞ்சைச் சீஸிலும் நீலச் சீஸிலும் லிஸ்டீரியா கிருமி வளரக்கூடும் என்பதால் கர்ப்பிணிகள் அவற்றைத் தவிர்க்கச் சொல்வார்கள். அவை இரண்டையும் தனித் தட்டில், தனிக் கத்தியுடன், கூடத்தின் மறுகோடியில் வைப்பது என்று முடிவு செய்தேன். அண்ணிக்காகச் செய்த அந்த ஏற்பாடு, நீலச் சீஸின் நெடி மற்றவற்றில் ஏறும் சிக்கலையும் தீர்த்துவிட்டது. எந்த ஒத்திகையிலும் எனக்குத் தோன்றாத வழி அது.

பழங்களில் பச்சை விதையில்லாத் திராட்சை ஒரு கிலோ, பேரிக்காய் நான்கு, ஆப்பிள் நான்கு, ஸ்ட்ராபெர்ரி இரண்டு பெட்டி, மாதுளை இரண்டு, கமலா ஆரஞ்சு ஒரு கிலோ, மலைவாழைப்பழம் ஒரு டஜன் என்று வாங்கினேன். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையும் அரைக் கிலோ எடுத்தேன். மணத்தில் அதற்கு ஈடு வேறில்லை, 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது. ஆனால் விதையும் கழன்றுவரும் தோலும் உள்ள பழத்தை நின்றபடி பேசிக்கொண்டே சாப்பிடுகிறவர்களுக்கு வைத்தால், துப்ப இடமில்லாமல் தவிப்பார்கள் என்பதை வீட்டுக்கு வந்த பிறகே உணர்ந்தேன். அது குழந்தைகளுக்குச் சாறாகிவிட்டது. பழங்களுக்கு 1,020 ரூபாய். உலர்ந்த அத்தி, வால்நட், முந்திரி மூன்றும் இருநூறு கிராம் வீதம் 780. உப்பு பிஸ்கட் ஐந்து பொட்டலம் 350.

இந்தத் தட்டில் எனக்கு முழு மனநிறைவு தந்தது கடையில் வாங்காத ஒன்று. ஸ்பெயினில் குவின்ஸ் எனப்படும் சீமைமாதுளையைச் சர்க்கரையில் கிளறிக் கட்டியாக்கிச் சீஸுடன் உண்பார்கள். பிரேசிலில் அதற்குக் கொய்யா. நமக்கும் கொய்யாவே எளிது. நன்கு பழுத்த, உள்ளே சிவந்த கொய்யா ஒரு கிலோவை நறுக்கி, அமிழும் அளவு நீரில் இருபது நிமிடம் வேகவைத்து, புளி வடிகட்டும் சல்லடையில் கரண்டியின் முதுகால் தேய்த்து விதை நீக்கினேன். 740 கிராம் விழுது கிடைத்தது. அதில் 450 கிராம் சர்க்கரையும் ஒரு எலுமிச்சையின் சாறும் சேர்த்து, அடி கனமான உருளியில் மிதமான தீயில் கிளறத் தொடங்கினேன். முதல் அரை மணி நேரம் ஒன்றும் நடப்பதாகத் தெரியாது. பிறகு நிறம் இளஞ்சிவப்பிலிருந்து செங்கல் நிறத்துக்கு மாறும். கொப்புளங்கள் வெடித்துக் கையைச் சுடும். நீண்ட பிடியுள்ள மரக் கரண்டியும் முழுக்கைச் சட்டையும் இன்றி இதில் இறங்கக் கூடாது. என் மணிக்கட்டில் இரண்டு புள்ளிகள் இன்னும் இருக்கின்றன. ஐம்பத்தைந்தாவது நிமிடத்தில் கரண்டியால் நடுவே கோடிழுத்தபோது, உருளியின் அடி மூன்று விநாடி தெரிந்து அதன் பிறகு மெல்ல மூடியது. அதுதான் பதம். நெய் தடவிய எவர்சில்வர் தட்டில் ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றி, மேலே மெல்லிய துணி போர்த்தி இரவு முழுக்க விட்டதில், மறுநாள் மைசூர்பாகு போல் வில்லை போட வந்தது. கொய்யாவுக்கும் சர்க்கரைக்கும் சேர்த்து ஆன செலவு 120 ரூபாய்.

விழா நாளின் கால அட்டவணையைத் தாளில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தேன். காலை பத்து மணிக்குத் திராட்சையைக் கழுவி, வெள்ளை வேட்டித் துணியில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே இரண்டு மணி நேரம் உலர்த்தி, கத்திரிக்கோலால் ஐந்து ஆறு பழமுள்ள சிறு கொத்துகளாக வெட்டினேன். ஸ்ட்ராபெர்ரியைக் கழுவி, காம்பைக் கிள்ளாமல் துணியில் கவிழ்த்தேன். மாலை ஐந்தரைக்குக் கூடத்தின் ஏசியை 24 டிகிரியில் போட்டுக் கதவுகளைச் சாத்தினேன். ஆறே முக்காலுக்கு மானி 55 சதவீத ஈரப்பதம் காட்டியது. அந்த நிலையில் பதினான்கரை டிகிரிக்கு மேல் இருக்கும் எதிலும் நீர் படியாது. அதற்கு முன்பே, ஆறு மணிக்குச் சீஸ் கட்டிகளைப் பொட்டலத்தைப் பிரிக்காமலே வெளியே எடுத்து மேசையில் வைத்தேன். எழுத்து மாறாமல் பின்பற்ற வேண்டிய ஒரே விதி இதுதான்: நீர் படிவதென்றால் உறையின் மீது படியட்டும். ஐம்பத்தைந்து நிமிடம் கழித்து உறையைத் துடைத்துப் பிரித்து, செடாரின் நடுவே சமையல் வெப்பமானியைக் குத்தினேன், 16 டிகிரி. மேற்பரப்பு உலர்ந்திருந்தது.

செடாரைக் குளிராக வெட்டினால் பொடிந்துவிடும்; 16 டிகிரியில் ஐந்து மில்லிமீட்டர் கனத்தில் முக்கோணங்களாக ஒழுங்காக வந்தது. கௌடாவின் மெழுகுத் தோலை முதலில் சீவி எடுத்துவிட்டேன். பிரீயைக் கத்தியால் வெட்டப் போனால் பாதி கத்தியிலேயே ஒட்டிக்கொள்கிறது. புதிய வெள்ளைத் தையல் நூலை இரு கைகளாலும் இழுத்துப் பிடித்து அழுத்தியதில் அழகாகப் பிரிந்தது. ஆப்பிளையும் பேரிக்காயையும் இம்முறை எலுமிச்சையில் போடவில்லை. ஒரு லிட்டர் நீருக்கு இரண்டு டீஸ்பூன் உப்பு கரைத்துப் பத்து நிமிடம் ஊறவைத்து, ஒருமுறை அலசித் துணியில் ஒற்றி எடுத்தேன். இரண்டு மணி நேரம் நிறம் மாறவில்லை, உப்பும் தெரியவில்லை. மலைவாழைப்பழத்தைத் தட்டு வெளியேறும்போதுதான் வட்டமாக நறுக்கினேன்.

கல்லைக் குளிரவைக்கவில்லை. தழும்பு விழுந்த பக்கத்தைக் கீழே திருப்பி, மேலே பட்டர் பேப்பர் விரித்துப் பயன்படுத்தினேன். முதலில் கிண்ணங்கள், அடுத்து சீஸ், அதன் பின் பழம், இடுக்குகளில் முந்திரியும் வால்நட்டும், கடைசியாக, கூடத்துக்குப் போகும் நிமிடத்தில் பிஸ்கட் என்று வரிசை வைத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் ஒரே தடவையில் அடுக்காமல், ஏறத்தாழ முந்நூற்று முப்பது கிராம் சீஸ் வீதம் மூன்று சுற்றுகளாகப் பிரித்ததே பெரும் பயன் தந்தது. முதல் தட்டு ஏழே காலுக்குப் போனது. அரை மணி நேரத்துக்குள் வெறுமையாகும் அளவே அதில் இருந்ததால் எதுவும் துவள நேரமில்லை. கல் ஒன்றுதான் என்பதால், மற்ற இரண்டு சுற்றுகளுக்கும் எவர்சில்வர் தட்டுகளே போதுமானவையாக இருந்தன. யாரும் வேறுபாடு கேட்கவில்லை.

ஆனால் முதல் ஐந்து நிமிடம் யாருமே அதைத் தொடவில்லை. எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள், கைப்பேசியில் படம் எடுத்தார்கள், நகர்ந்தார்கள். அத்தை என் காதருகே வந்து, “அலங்காரத்துக்கா வச்சிருக்கே? இதுக்கப்புறம் சாப்பாடு உண்டுல்ல?” என்று கேட்டார். கோலத்தை மிதிக்கத் தயங்குவது போன்ற தயக்கம் அது என்று புரிந்ததும், ஒரு பிஸ்கட்டில் செடாரும் கொய்யா வில்லையும் வைத்து அப்பாவிடம் கொடுத்தேன். அவர் கடித்துவிட்டு இன்னொன்று கேட்ட பிறகுதான் கைகள் நீண்டன. இரண்டாவது தட்டில் நானே ஒரு மூலையைக் கலைத்து, ஆறு பிஸ்கட்டில் சீஸும் பழமும் ஏற்றி வைத்து அனுப்பினேன்; அதற்குத் தயக்கமே எழவில்லை.

பிழைகளும் இருந்தன. மாதுளை முத்துகளைத் தூவியது தவறு; கல்லில் உருண்டு தரையில் விழுந்தன, ஃபெட்டாவில் பட்டவை அதை ரத்தச் சிவப்பாக்கின. ஸ்ட்ராபெர்ரியை இரண்டாகப் பிளந்து வைத்ததில் சாறு கசிந்து பட்டர் பேப்பர் ஊறியது; முழுதாகவே வைத்திருக்க வேண்டும். உலர்ந்த அத்தியைப் பெரும்பாலோர் சீந்தவில்லை. நான் எதிர்பாராத ஒன்றும் நடந்தது: அத்தை சமையலறைக்குப் போய் நார்த்தங்காய் ஊறுகாயைக் கொண்டுவந்து செடாருடன் சாப்பிட ஆரம்பித்தார். சிரித்தவர்கள் எல்லோரும் ருசித்துப் பார்த்தார்கள். முதிர்ந்த செடாரின் உப்புக்கும் கொழுப்புக்கும் அந்தக் கசப்பு கலந்த புளிப்பு கச்சிதமாகப் பொருந்துகிறது. பேரிக்காயும் நீலச் சீஸும் பெயர்பெற்ற ஜோடிதான். என்றாலும் எங்கள் வீட்டில் அன்று நான்கு பேரே அந்தத் தட்டுப் பக்கம் போனார்கள்.

கல் நீங்கலாக அன்றைய செலவு 5,070 ரூபாய், தலைக்கு 211. ஒத்திகைகளில் போனது தனியாக 1,900. அவற்றில் கெட்டதைத் தவிர மற்றதை வீட்டிலேயே தின்று தீர்த்தோம். முடிவில் 210 கிராம் சீஸ் மிஞ்சியது, பெரும்பாலும் நீலமும் ஃபெட்டாவும்.

அடுத்த முறை நீலச் சீஸை ஐம்பது கிராமாகக் குறைப்பேன். அந்தப் பணத்துக்குச் செடாரைக் கூட்டுவேன். கொய்யா வில்லையை இரட்டிப்பாகக் கிளறுவேன், ஏனெனில் அது இரண்டாவது சுற்றிலேயே தீர்ந்துவிட்டது. நார்த்தங்காய் ஊறுகாயைப் பொடியாக நறுக்கி, கிண்ணத்தில் முதல் தட்டிலேயே வைப்பேன். கல்லுக்குப் பதில் பன்னிரண்டுக்குப் பத்து அங்குலத்தில் இரண்டு சிறு கிரானைட் துண்டுகளை எடுப்பேன். ஏழரைக் கிலோவை ஏந்திக்கொண்டு இருபத்துநான்கு பேருக்கு நடுவே நடப்பது என் முதுகுக்கு ஒத்துவரவில்லை. கடப்பா கல்லை இப்போது அம்மா எடுத்துக்கொண்டுவிட்டார். தழும்புள்ள பக்கத்தை மேலே வைத்துத்தான் சப்பாத்தி தேய்க்கிறார்; அந்தப் பக்கம் மாவு வழுக்காமல் பிடிக்கிறதாம்.